எந்த ஆள் என்று ஆங்கிலத்தில் சொல்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் ஆங்கிலம் படிக்க வருகிறவர்கள் ஒரே மாதிரி இல்லை. சாதாரண தரப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பாசிக்குடா ஹோட்டல்களில் வேலை செய்கிறவர்கள், பிரதேச செயலகத்தில் அறிக்கை எழுதுகிறவர்கள், கட்டாருக்கும் லண்டனுக்கும் விண்ணப்பம் போடுகிறவர்கள் என்று பலரும் வருகிறார்கள். ஆனால் ஒரு ஆளை அடையாளம் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் எல்லாரும் ஒரே மாதிரித்தான் தடுமாறுகிறார்கள். அந்த வேலையைச் செய்கிற ரிலேட்டிவ் கிளோஸ் பற்றித் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஆங்கில வாக்கியங்கள் தமிழ் எழுத்திலேயே இருக்கின்றன. வாய்விட்டு வாசியுங்கள், அப்போதுதான் அதன் ஓட்டம் பிடிபடும்.

ரிலேட்டிவ் கிளோஸ் என்றால் என்ன?

கோயில் திருவிழாவில் இரண்டு பெண்கள் பேசிக்கொள்கிறார்கள் என்று வையுங்கள்.

“ஆரு மனே அந்தப் பொடியன்?”
“கல்லடியில மீன் விக்கிற மாமிட மகன்.”
“எந்த மாமி?”
“போன கிழமை நம்மட வீட்ட வந்த மாமி.”

‘மீன் விக்கிற’, ‘வீட்ட வந்த’ என்ற இரண்டும் ஊரில் உள்ள எத்தனையோ மாமிமாரில் ஒருவரைப் பிரித்துக் காட்டுகின்றன. தமிழில் இந்த வேலையைச் செய்வது பெயரெச்சம். அது எப்போதும் ஆளுக்கு முன்னால் நிற்கும்: ‘நேற்று வந்த ரீச்சர்’. ஆங்கிலத்தில் ஆள் முதலில் வருவார், அவரைப் பற்றிய செய்தி பின்னால் வரும். இரண்டுக்கும் நடுவில் ‘ஹூ’ போன்ற ஒரு சொல் நிற்கும்: ‘த ரீச்சர் ஹூ கேம் யெஸ்டர்டே’. இதில் ‘ஹூ கேம் யெஸ்டர்டே’ என்ற துண்டுதான் ரிலேட்டிவ் கிளோஸ்.

தமிழ் வரிசையிலேயே யோசித்தால் ‘யெஸ்டர்டே கேம் ரீச்சர்’ என்று வந்துவிடும். இதற்கு மருந்து, முதலில் ஆளைச் சொல்லிவிடுவதுதான். ‘த ரீச்சர்’ என்று சொல்லி ஒரு மூச்சு நிறுத்துங்கள், அப்புறம் ‘ஹூ’ என்று தொடங்குங்கள். கொஞ்ச நாளில் அந்த நிறுத்தம் தானாகவே மறைந்துவிடும்.

ஆட்களுக்கு ‘ஹூ’ மட்டும்தானா? ‘தட்’, ‘விச்’ போடக் கூடாதா?

‘ஹூ’ எப்போதும் பாதுகாப்பானது. எந்த ஆள் என்று பிரித்துக் காட்டும் இடத்தில் ‘தட்’டும் சரிதான். ‘த மேன் தட் கோல்ட் யூ’ என்று ஆங்கிலேயர்களே பேச்சில் சொல்வார்கள். எழுத்தில், அதிலும் பரீட்சையிலும் கடிதத்திலும், ‘ஹூ’ மரியாதையாகத் தெரியும். கொமா போட்டு எழுதும் கிளோஸில் மட்டும் ‘தட்’ வரவே கூடாது. அது ஏன் என்று அடுத்த பதிலில் பார்ப்போம்.

‘விச்’ பொருட்களுக்கும் விலங்குகளுக்கும் உரியது. ஆனால் பழைய ஆங்கிலத்தில் ஆட்களுக்கும் அதைப் போட்டார்கள். 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளில் கர்த்தர் கற்பித்த செபம் ‘அவர் ஃபாதர் விச் ஆர்ட் இன் ஹெவன்’ என்றுதான் தொடங்குகிறது. மட்டக்களப்பில் மெதடிஸ்த மிஷன் 1814இலேயே பள்ளிக்கூடம் தொடங்கியது. அந்தப் பழைய வடிவத்தை மனப்பாடமாகச் சொல்லும் பெரியவர்களை இங்கே நீங்கள் சந்திக்கலாம். அவர்கள் சொல்வது பிழை இல்லை, அது அந்தக் காலத்து ஆங்கிலம். இன்று நீங்கள் எழுதும்போது ஆளுக்கு ‘விச்’ போடாதீர்கள். கேள்வி கேட்கும்போது ‘விச் ஸ்டூடன்ட்?’ என்று வருவது வேறு விஷயம், அது சரியானதே.

கொமா எப்போது போட வேண்டும்? ரீச்சர் ஒருவர் போடச் சொல்கிறார், இன்னொருவர் வேண்டாம் என்கிறார்.

இரண்டு பேரும் வெவ்வேறு வாக்கியத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பார்கள். இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள்.

‘கட்டாரில் வேலை செய்கிற என் அண்ணன் வருகிறார்’ என்று தமிழில் சொல்கிறோம். எனக்கு ஒரே ஒரு அண்ணன் இருந்தாலும் இதே வாக்கியம்தான், மூன்று அண்ணன்மார் இருந்து அவர்களில் கட்டாரில் இருப்பவரைச் சொல்வதானாலும் இதே வாக்கியம்தான். கேட்பவருக்கு எங்கள் குடும்பம் தெரியும், அதனால் குழப்பம் வராது. ஆங்கில எழுத்து அப்படி விட்டுவிடாது. இரண்டையும் கொமாவால் பிரிக்கிறது.

‘மை பிரதர் ஹூ வேர்க்ஸ் இன் கட்டார் இஸ் கமிங் ஹோம்.’ இதில் கொமா இல்லை. வாசிப்பவர் எனக்கு வேறு சகோதரர்களும் இருக்கிறார்கள், கட்டார்க்காரர்தான் வருகிறார் என்று எடுத்துக்கொள்வார். ‘ஹூ வேர்க்ஸ் இன் கட்டார்’ என்பது ஆளை அடையாளம் காட்டுகிறது. இதற்கு டிஃபைனிங் கிளோஸ் என்று பெயர்.

‘மை பிரதர், ஹூ வேர்க்ஸ் இன் கட்டார், இஸ் கமிங் ஹோம்.’ இதில் இரண்டு பக்கமும் கொமா. எனக்கு ஒரே சகோதரர், அல்லது யாரைப் பற்றிய பேச்சு என்பது ஏற்கெனவே தெரியும். கட்டார் என்பது போகிற போக்கில் சொன்ன கூடுதல் செய்தி. இது நொன் டிஃபைனிங் கிளோஸ். ‘தட்’ இங்கே வராததற்குக் காரணமும் இதுதான். இன்றைய எழுத்தில் ‘தட்’ ஆளைப் பிரித்துக் காட்டும் கிளோஸில்தான் நிற்கும், கூடுதல் செய்தி சொல்லும் கிளோஸில் நிற்காது.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கிளோஸை விரலால் மறைத்துவிட்டு மிச்சத்தை வாசியுங்கள். கேட்பவர் ‘எந்த ஆள்?’ என்று திருப்பிக் கேட்பார் என்றால் கொமா வேண்டாம். கேட்க மாட்டார் என்றால் கொமா போடுங்கள். ‘ஹூ’வா ‘ஹூம்’மா என்று மண்டையை உடைப்பதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள். மற்றவை அதற்குப் பிறகு எளிது.

பெயர் சொல்லிவிட்டால் அநேகமாக ஆள் யார் என்பது முடிந்துவிடும், அதனால் கொமா வரும்: ‘சுவாமி விபுலானந்த, ஹூ வொஸ் போர்ன் இன் காரைதீவு இன் 1892, பிகேம் எ ப்ரொஃபெசர் ஆஃப் டமில்.’ விபுலானந்தர் ஒருவர்தான். காரைதீவில் பிறந்தவர் என்பது அவரைப் பற்றிய கூடுதல் செய்தி, வேறொருவரிடமிருந்து பிரித்துக் காட்ட அது தேவையில்லை. ‘என் அம்மா’, ‘எங்கள் அதிபர்’ போன்ற சொற்களுக்கும் இதே முறைதான்.

இது வெறும் நிறுத்தக்குறிப் பிரச்சினைதானே, மாறினால் என்ன குறைந்துவிடும்?

அர்த்தமே மாறும். அறிக்கை எழுதுகிறவர்கள் இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: ‘த ஃபிஷர்மென் ஹூ லொஸ்ட் தேர் போட்ஸ் இன் த சுனாமி ரிசீவ்ட் நியூ ஒன்ஸ்.’ 2004 டிசம்பர் 26 அன்று தோணி இழந்த மீனவர்களுக்கு மட்டும் புதுத் தோணி கிடைத்தது என்று அர்த்தம். ‘ஃபிஷர்மென்’னுக்குப் பின்னாலும் ‘சுனாமி’க்குப் பின்னாலும் ஒவ்வொரு கொமா போட்டால், பேசப்படும் மீனவர்கள் எல்லாரும் தோணி இழந்தார்கள், எல்லாருக்கும் கிடைத்தது என்று ஆகிவிடும். கொழும்பில் அதை வாசிக்கிற அதிகாரிக்கு நமது கரையைத் தெரியாது. அவருக்குக் கிடைப்பது இந்த வாக்கியம் மட்டும்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காணாமற்போன பிள்ளைகளைத் தேடும் தாய்மாருக்காக ஆங்கிலத்தில் மனு எழுதிக் கொடுக்கிறவர்கள் நம்மிடையே பலர். ‘மை சன், ஹூ லெஃப்ட் ஹோம் தட் மோர்னிங், ஹேஸ் நொட் ரிடேர்ன்ட்’ என்று எழுத வேண்டிய இடத்தில் இரண்டு கொமாவையும் விட்டுவிட்டால், அந்தத் தாய்க்கு வேறு மகன்மாரும் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரைப் பற்றித்தான் பேச்சு என்று வாசிப்பவர் நினைக்க இடம் உண்டு. அவருக்கு இருந்ததே ஒரு மகன் என்றால் அந்த வாசிப்பு பெரிய அநியாயம். இப்படிப்பட்ட கடிதம் எழுதும்போது முதல் வரியிலேயே பெயரைப் போடுங்கள், ஒரே மகன் என்றால் ‘மை ஒன்லி சன்’ என்றே எழுதுங்கள், கொமாவையும் கவனமாகப் போடுங்கள். அவசரமாக முடிக்கக் கூடிய எழுத்து வேலை இல்லை இது.

பேசும்போது கொமாவை எப்படிக் காட்டுவது?

குரலால். கூடுதல் செய்திக்கு முன்னும் பின்னும் சின்னதாக நிறுத்துங்கள், அந்தத் துண்டைக் கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். அடையாளம் காட்டும் கிளோஸை நிறுத்தாமல் ஆளோடு சேர்த்து ஒரே மூச்சில் சொல்லுங்கள்.

‘நான் காணி வாங்கின ஆள்’ என்பதை எப்படிச் சொல்வது? ‘த மேன் ஐ போட் த லேண்ட்’ என்றால் பிழை என்கிறார்கள்.

பிழைதான், கடைசியில் ‘ஃப்ரொம்’ வேண்டும்: ‘த மேன் ஐ போட் த லேண்ட் ஃப்ரொம்’. நமது பக்கத்தில் அதிகம் விடப்படும் பிழை இதுதான் என்று நினைக்கிறேன். காரணம் பிள்ளைகளின் கவனக்குறைவு அல்ல, தமிழ்ப் பெயரெச்சம் அமைந்திருக்கும் விதம்.

‘நான் பேசின அக்கா’ என்கிறோம். அக்காவோடு பேசினேனா, அக்காவைப் பற்றிப் பேசினேனா? பெயரெச்சம் வேற்றுமை உருபைக் காட்டாது, அது உள்ளே மறைந்துவிடும். ‘நான் காசு குடுத்த ஆள்’ என்றால் ஆளுக்குக் குடுத்தேன், ‘நான் காணி வாங்கின ஆள்’ என்றால் ஆளிடம் வாங்கினேன். ‘நான் படிச்ச ரீச்சர்’ என்றால் ரீச்சரிடம் படித்தேன். ‘க்கு’, ‘இடம்’, ‘ஓடு’ ஒன்றும் வெளியே தெரிவதில்லை, நமக்கு அது தேவைப்படுவதும் இல்லை. ஆங்கிலத்தில் அதைத் தொலைக்க முடியாது. ‘த லேடி ஐ ஸ்போக் டு’ என்றால் அவரோடு பேசினேன், ‘த லேடி ஐ ஸ்போக் அபௌட்’ என்றால் அவரைப் பற்றிப் பேசினேன். ‘த மேன் ஐ கேவ் த மனி டு’, ‘த ரீச்சர் ஐ ஸ்டடீட் வித்’ என்பவையும் இப்படித்தான்.

பிழை விடாமல் இருக்க, முதலில் தனி வாக்கியமாக எழுதுங்கள்: ‘ஐ போட் த லேண்ட் ஃப்ரொம் எ மேன்.’ இதிலிருந்து ‘மேன்’ஐ மட்டும் தூக்கி முன்னால் வையுங்கள். ‘ஃப்ரொம்’ இருந்த இடத்திலேயே இருக்கட்டும், அதைத் தூக்கி எறியாதீர்கள். வாக்கியம் ‘ஃப்ரொம்’மில் முடிவது அசிங்கம் என்று சிலர் சொல்வார்கள். பேச்சு ஆங்கிலத்தில் அதுதான் இயல்பு. மிகவும் மரியாதையான எழுத்தில் ‘த மேன் ஃப்ரொம் ஹூம் ஐ போட் த லேண்ட்’ என்று முன்னுக்குக் கொண்டுவரலாம். காணி உறுதி, சட்டத்தரணி கடிதம் போன்றவற்றில் இந்த வடிவத்தைப் பார்ப்பீர்கள்.

அப்படியென்றால் ‘ஹூம்’ எப்போது கட்டாயம்?

‘ஃப்ரொம்’, ‘டு’, ‘வித்’ போன்ற சொல் நேர் முன்னால் வந்தால் ‘ஹூம்’ கட்டாயம். அந்த இடத்தில் ‘ஹூ’வும் வராது, ‘தட்’டும் வராது. மற்ற இடங்களில் ‘ஹூம்’ படிப்படியாக மறைந்து வருகிறது. ‘த டொக்டர் ஹூம் ஐ மெட்’ சரி, ஆனால் பேச்சில் ‘த டொக்டர் ஐ மெட்’ என்றுதான் காதில் விழும்.

‘ஹூ’வை விட்டுவிட்டே எழுதலாமா?

கிளோஸுக்குள் வேறொருவர் வேலையைச் செய்கிறார் என்றால் விடலாம்: ‘த டொக்டர் ஐ மெட்’ என்பதில் சந்தித்தது நான். அந்த ஆளே வேலையைச் செய்கிறார் என்றால் விட முடியாது: ‘த டொக்டர் ஹூ மெட் மீ’. இங்கே ‘ஹூ’வை எடுத்தால் ‘த டொக்டர் மெட் மீ’ என்று முழு வாக்கியமாகி, அடையாளம் சொல்லும் வேலையே போய்விடும். கொமா போட்ட கிளோஸில் எப்போதும் விட முடியாது.

‘ஹூஸ்’ எதற்கு?

‘அப்பா கடலுக்குப் போற பிள்ளை’ என்பதில் கடலுக்குப் போவது அப்பா, அடையாளம் சொல்லப்படுவது பிள்ளை. தமிழில் பிள்ளைக்கும் அப்பாவுக்கும் உள்ள உறவைச் சொல்லத் தனிச் சொல் வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் அந்த உறவைச் சொல்வது ‘ஹூஸ்’: ‘த கேர்ள் ஹூஸ் ஃபாதர் கோஸ் ஃபிஷிங்’. ‘ஹூஸ்’ வந்த பின் ‘ஹேர்’, ‘ஹிஸ்’, ‘த’ எதுவும் வராது. ‘ஹூஸ் ஹேர் ஃபாதர்’ என்பது ஒரே வேலையை இரண்டு தரம் செய்வது.

நமது பகுதியில் இந்தச் சொல் எத்தனை தேவை என்று யோசித்துப் பாருங்கள். புதிதாக ஒருவர் ஊருக்கு வந்தால் அவரது பெயரைக் கேட்பதற்கு முன் ‘ஆர்ட மகன்?’ என்பார்கள். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் குடி, அதாவது குலப் பிரிவு, தாய்வழியாக வருவது. கோயில் உரிமையும் கலியாணப் பேச்சும் குடியைப் பார்த்து நடந்த ஊர்கள் இவை. ஒருவரை அவரது தாயாரைச் சொல்லி அடையாளம் காட்டுவது இங்கே பழக்கம். ஆங்கிலத்தில் அது அப்படியே ‘த பாய் ஹூஸ் மதர் டீச்சஸ் அட் அவர் ஸ்கூல்’ என்று வரும். நமது வழக்கத்துக்கு இவ்வளவு நெருக்கமான இலக்கணம் ஆங்கிலத்தில் வேறில்லை என்று எனக்குத் தோன்றும். இதை முதலில் பழகுங்கள்.

எழுத்துக்கூட்டலில் ஒரு எச்சரிக்கை: இதே ஒலியில் நடுவில் அப்போஸ்திரபி போட்டு எழுதினால் அது ‘ஹூ இஸ்’ அல்லது ‘ஹூ ஹேஸ்’ என்பதன் சுருக்கம். உறவு சொல்லும் ‘ஹூஸ்’ஸில் அப்போஸ்திரபி இல்லை, கடைசியில் ‘இ’ எழுத்து வரும்.

‘கூட்டத்துக்கு வராத பெற்றோர்’ என்பதற்கு ‘ஹூ டிட்ன்ட் கம்’மா, ‘ஹூ டோன்ட் கம்’மா?

நல்ல கேள்வி. ‘வராத’ என்ற சொல்லில் காலமே இல்லை. நேற்று வராதவர்களும் ‘வராத பெற்றோர்’தான், ஒருபோதும் வராதவர்களும் ‘வராத பெற்றோர்’தான், இன்னும் வந்து சேராதவர்களும் அப்படியே. ஆங்கிலம் காலத்தைச் சொல்லாமல் விடாது. ஆகவே எழுதுவதற்கு முன் எது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நேற்றைய ஒரு கூட்டம் என்றால் ‘த பேரன்ட்ஸ் ஹூ டிட்ன்ட் கம்’. வழக்கமாகவே வராதவர்கள் என்றால் ‘ஹூ டோன்ட் கம்’. கூட்டம் தொடங்கப் போகிறது, இன்னும் காணவில்லை என்றால் ‘ஹூ ஹேவ்ன்ட் கம் யெட்’. பாடசாலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் கடிதத்தில் ‘டிட்ன்ட்’ போட வேண்டிய இடத்தில் ‘டோன்ட்’ போட்டால், ஒரு நாள் வர முடியாமல் போன தகப்பனை எப்போதும் அக்கறை இல்லாதவர் என்று சொன்னதாகிவிடும்.

‘படிக்கிற’, ‘வாற’ போன்ற சொற்களிலும் கவனம் வேண்டும். ‘வந்தாறுமூலையில படிக்கிற அக்கா’ என்றால் ‘ஹூ ஸ்டடீஸ்’. ‘உள்ளுக்குப் படிச்சுக்கொண்டிருக்கிற அக்கா’ என்றால் ‘ஹூ இஸ் ஸ்டடியிங்’. ‘நாளைக்கு வாற டொக்டர்’ என்றால் ‘ஹூ இஸ் கமிங் டுமொரோ’.

இரண்டு வாக்கியத்தைச் சேர்க்கச் சொல்லிக் கேள்வி வந்தால் என்ன செய்வது?

‘த நேர்ஸ் லிவ்ஸ் இன் ஆரையம்பதி. ஷீ லுக்ட் ஆஃப்டர் மை மதர்.’ இரண்டிலும் ஒரே ஆள் எங்கே இருக்கிறார் என்று முதலில் கோடிடுங்கள்: ‘நேர்ஸ்’, ‘ஷீ’. ‘ஷீ’யை வெட்டிவிட்டு அதன் இடத்தில் ‘ஹூ’ போடுங்கள். அந்தத் துண்டு முழுவதையும் ‘நேர்ஸ்’ஸுக்கு உடனே பின்னால் கொண்டுபோய் வையுங்கள்: ‘த நேர்ஸ் ஹூ லுக்ட் ஆஃப்டர் மை மதர் லிவ்ஸ் இன் ஆரையம்பதி.’ கடைசியில் ஒட்டினால் ‘ஆரையம்பதி ஹூ’ என்று வந்து, ஊரே அம்மாவைப் பார்த்துக்கொண்டது போல ஆகிவிடும்.

வெட்டிய சொல்லைத் திரும்ப எழுதுவதும் நடக்கிறது: ‘த நேர்ஸ் ஹூ ஐ மெட் ஹேர்’. ‘ஹூ’ வந்துவிட்டது, ‘ஹேர்’ வேண்டாம்.

‘கல்லடியில் இருக்கிற போடியாரின் மகள்’ என்பதை மொழிபெயர்த்தால் யார் கல்லடியில் இருக்கிறார்கள் என்று குழப்பம் வருகிறதே?

போடியார் என்றால் நம் பக்கத்தில் பெரிய வயல்காரர். தமிழிலும் அந்தக் குழப்பம் இருக்கிறது. போடியார் கல்லடியில் இருக்கிறாரா, மகளா? ‘த டோட்டர் ஆஃப் த போடியார் ஹூ லிவ்ஸ் இன் கல்லடி’ என்றாலும் அதே குழப்பம் ஆங்கிலத்துக்கு இடம் மாறிவிடும். இருப்பது மகள் என்றால் ‘த போடியார்ஸ் டோட்டர், ஹூ லிவ்ஸ் இன் கல்லடி’ என்று எழுதுங்கள். ‘ஹூ’வுக்குப் பக்கத்தில் மகள் நிற்கிறார். இருப்பது போடியார் என்றால் இரண்டு வாக்கியமாகப் பிரித்துவிடுங்கள். ஒரே வாக்கியத்தில் எல்லாவற்றையும் அடைக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

ஹோட்டலில் வேலை செய்கிறேன். கூட்டத்தில் நிற்கும் ஒருவரை விருந்தினருக்கு எப்படி அடையாளம் சொல்வது?

பெரும்பாலும் ‘ஹூ’ தேவையே இல்லை. உடுப்பு என்றால் ‘இன்’: ‘த மேன் இன் த ப்ளூ சாரோங்’. கையில் உள்ளது, தாடி, தலைமுடி என்றால் ‘வித்’: ‘த லேடி வித் த பேபி’, ‘த மேன் வித் த பியர்ட்’. இப்போது செய்துகொண்டிருக்கும் வேலை என்றால் ‘ஹூ இஸ்’ஸை எடுத்துவிட்டு ‘இங்’ வடிவம் மட்டும்: ‘த பாய் ஸ்டாண்டிங் பை த கேட்’. ‘த பாய் ஹூ இஸ் ஸ்டாண்டிங் பை த கேட்’ பிழை இல்லை, ஆனால் விரலை நீட்டிக்கொண்டு பேசும்போது அது நீளம்.

ஒரு தரம் நடந்து முடிந்த செயலுக்கு ‘இங்’ வராது. ‘என் பையை எடுத்த ஆள்’ என்பது ‘த மேன் ஹூ டுக் மை பேக்’. ‘த மேன் டேக்கிங் மை பேக்’ என்றால் இந்த நிமிடம் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று ஆகி, விருந்தினர் திரும்பிப் பார்ப்பார்.

எந்த விவரத்தைச் சொல்வது என்பதும் முக்கியம். அந்த விருந்தினர் கண்ணால் பார்க்கக் கூடியதைச் சொல்லுங்கள். ‘த மேன் ஹூ இஸ் அவர் மனேஜர்ஸ் கசின்’ என்பது உங்களுக்கு அடையாளம், அவருக்கு அல்ல.

உடற்குறை உள்ளவர்களை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

ஊரில் கால் ஊனமானவர், கண் தெரியாதவர் போன்றவர்களை அதையே பட்டப்பெயராக வைத்துக் கூப்பிடுகிறோம். சண்டைக் காலத்தில் கால் இழந்தவர்களையும் அப்படி அழைத்ததைக் கேட்டிருக்கிறேன், மனசு நோகும். ஆங்கிலத்திலும் பழைய சொற்கள் பல இப்போது அவமதிப்பாகக் கருதப்படுகின்றன. ‘எ மேன் ஹூ யூசஸ் எ வீல்செயர்’, ‘எ வுமன் ஹூ லொஸ்ட் ஹேர் லெக் இன் த வோர்’ என்று எழுதுங்கள். ஆள் முதலில் வருகிறார், அவருக்கு நேர்ந்தது அதற்குப் பின்னால் வருகிறது. ரிலேட்டிவ் கிளோஸின் இந்த அமைப்பு இங்கே நமக்கு நல்ல துணை. இன்னொன்றும் யோசியுங்கள்: அந்த விவரம் அந்த இடத்தில் உண்மையிலேயே தேவையா? கடை முதலாளியைப் பற்றி எழுதும்போது அவரது கடையைச் சொன்னாலே ஆள் பிடிபடும் என்றால் காலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கண் தெரியாதவர்களில் பலர் ‘ப்ளைன்ட்’ என்ற சொல்லையே தங்களுக்குப் பயன்படுத்துகிறார்கள். அது அவமதிப்பு இல்லை. ஒருவர் தன்னை எப்படிச் சொல்கிறாரோ அப்படியே எழுதுவது நல்லது.

‘வந்தவர்கள்’, ‘படித்தவர்’ போன்ற ஒற்றைச் சொற்களுக்கு ஆங்கிலத்தில் என்ன?

ஒற்றைச் சொல் இல்லை, விரித்துத்தான் சொல்ல வேண்டும். ‘வந்தவர்கள்’ என்பதற்கு ‘தோஸ் ஹூ கேம்’ அல்லது ‘த பீப்பிள் ஹூ கேம்’. முதலாவது கொஞ்சம் சம்பிரதாயமானது, கூட்ட அறிக்கைக்குப் பொருந்தும். ‘வருகிறவர் யாராக இருந்தாலும்’ என்றால் ‘எனிவன் ஹூ கம்ஸ்’. ‘ஹீ ஹூ கம்ஸ்’ என்று பழைய பாணியில் எழுத வேண்டாம், இன்று அப்படி யாரும் பேசுவதில்லை.

‘ஒன் ஒஃப் த ரீச்சர்ஸ் ஹூ டீச்’சா, ‘டீச்சஸ்’ஸா?

‘அக்கரைப்பற்றில் படிப்பிக்கிற ரீச்சர்மாரில் ஒருவர்’ என்று நினைத்துப் பாருங்கள். படிப்பிப்பது ரீச்சர்மார், அதாவது பலர். ஆகவே ‘ஒன் ஒஃப் த ரீச்சர்ஸ் ஹூ டீச் இன் அக்கரைப்பற்று’. ஒருமையில் ‘டீச்சஸ்’ என்று ஆங்கிலேயர்களும் பேச்சில் சொல்வதுண்டு, ஆனால் எழுத்தில் பன்மையே போடுங்கள். ‘த ஒன்லி வன் ஒஃப் த ரீச்சர்ஸ்’ என்று வந்தால் மட்டும் ஒருமை, ஏனென்றால் அங்கே படிப்பிப்பவர் ஒருவர்தான்: ‘த ஒன்லி வன் ஒஃப் த ரீச்சர்ஸ் ஹூ டீச்சஸ் இன் அக்கரைப்பற்று’.